ஆமாங்க, எடுக்கல

தொங்யோங்
7 நவம்பர் 2016

ஆங்கிலப் பயிற்சிப் பள்ளித் தலைவி சூ ஹேரியான் அவர்களுக்கு,

போன் செய்தால் வரவேற்பு மேசைப் பெண் மினா எடுக்கிறாள், தலைவி பெற்றோர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்கிறாள். மெசேஜ் அனுப்பினால் நீங்கள் படித்த அடையாளம் மட்டும் வருகிறது. நேரில் வந்தேன். வாசல் அடுக்கில் உங்கள் செருப்பு இருந்தது, நீங்கள் இல்லை என்றார்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன். மூன்று நகல், மூன்றிலும் தபால் நிலைய முத்திரை. ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று தபால் நிலையத்திலேயே கிடக்கும். இப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று இனி மினாவால் சொல்ல முடியாது.

போன வியாழக்கிழமை என் மகள் நாரேயின் பையில் ஒரு சீட்டு வந்தது. மேலே ஆங்கிலம். கீழே நம் கொரிய எழுத்தில்: "ஒலிவியாவின் பென்சில் பெட்டியை எடுத்ததை ஸ்டெல்லா ஒப்புக்கொண்டாள். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பெற்றோருக்கான திறந்த வகுப்பு நாடகத்தில் முயல் வேடம் வேறு குழந்தைக்குத் தரப்படும்."

என் வீட்டில் ஸ்டெல்லா என்று யாரும் இல்லை. அது நீங்கள் வைத்த பெயர். சேர்க்கை நாளில் பட்டியலைப் பார்த்து, சோஃபி என்ற பெயரை முந்தின குழந்தைக்குக் கொடுத்துவிட்டதால் இவளுக்கு ஸ்டெல்லா என்றீர்கள். பெயர் உங்களுடையது, திருட்டு மட்டும் என் வீட்டுக்கா?

எட்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்துக் கேட்டேன். நான் சந்தையில் நெத்திலிக் கருவாடு விற்கிறவள். எடை போடும்போது யார் பெட்டிக்கு அடியில் கையை வைத்துத் தூக்குகிறார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். இவள் முகத்தில் ஒன்றும் இல்லை. "எடுக்கலைன்னு தாம்மா சொன்னேன். டீச்சர் கேட்டாங்க, நான் சொன்னேன். அப்புறம் எல்லாரும் ஏன் என்னையே பாத்தாங்க?" என்று கேட்கிறாள்.

எடுக்கவில்லை என்று சொன்ன பிள்ளை எப்படி ஒப்புக்கொண்டதாகும்? அறையில் அப்போது என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதி அனுப்புங்கள்.

ஓக் மிரான்
கடல் வாசல் கருவாட்டுக் கடை

*

10 நவம்பர் 2016

ஸ்டெல்லாவின் தாயார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குளிர் தொடங்கிவிட்டது, கடை வேலையோடு கிம்ச்சி ஊறுகாய் போடும் வேலையும் சேர்ந்து உங்களுக்கு நிற்க நேரமிருக்காது. அதற்கு நடுவிலும் எங்கள் பள்ளி மேல் அக்கறை எடுத்துக்கொண்டதற்கு நன்றி.

நடந்தது வருந்தத்தக்கது. ஹெதர் டீச்சர் கனடாவிலிருந்து வந்தவர், குழந்தைகளிடம் அன்பானவர். அவர் ஸ்டெல்லாவிடம் ஒரு முறை அல்ல, இரண்டு முறை கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் குழந்தை ஒரே பதிலைத்தான் சொன்னாள். இந்த வயதில் இதெல்லாம் நடக்கும். யாரும் அவளைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. வீட்டில் நீங்கள் அதட்டாமல் இருந்தால் நல்லது.

சூழல் மாறினால் மனம் லேசாகும் என்று நினைக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து அவளை மேல் வகுப்பில் உட்கார வைக்கலாம். புத்தகம் கெட்டி அட்டை, படங்களும் நன்றாக இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை நீங்கள் மேசையில் வந்து போட்ட சத்தத்தில் மினா அழுதுவிட்டாள். அவளுக்கு இருபத்து மூன்று வயதுதான். வகுப்பில் பதினான்கு குழந்தைகள் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். இது மீன் ஏலக் கூடம் அல்ல.

சூ ஹேரியான்

*

15 நவம்பர் 2016

தலைவி அவர்களுக்கு,

மினாவிடம் மன்னிப்பு கேட்கிறேன். அவள் பிழை ஒன்றும் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொன்னாள். நெத்திலி ஒரு பொட்டலம் தனியாக அவள் பெயர் எழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நான் பெட்டி மூடியைத் திறந்து மோந்து பார்த்துச் சரக்கு வாங்குகிறவள். மேலே பளபளவென்று அடுக்கியிருந்தால் கையை அடியில் விட்டுத் துழாவுவேன். இரண்டு முறை கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் கேட்டார் என்று எழுதவில்லை. ஒரே பதில் என்றீர்கள். அந்தப் பதில் என்ன என்று எழுதவில்லை. வார்த்தைக்கு வார்த்தை கேட்டேன், வானிலையும் கிம்ச்சியும் வந்தது.

அதனால் நாரேயிடமே கேட்டேன். பிள்ளைக்கு அது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. டீச்சர் கேட்டது "டிடின்ட் யூ டேக் இட்?" இவள் சொன்னது "யெஸ்." இரண்டாவது முறையும் அதே கேள்வி, அதே பதில். எனக்கு இதில் என்ன தப்பு என்று விளங்கவில்லை. எடுக்கலையா என்றால், ஆமாங்க, எடுக்கல. வேறு எப்படிச் சொல்வதாம்?

மறுநாள் பூசானிலிருந்து பியோன் வந்தார். அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்குக் கருவாடு அனுப்புகிற தரகர். அவரிடம் சொன்னேன். மனிதர் தேநீரை மூக்கில் ஏற்றிக்கொண்டு சிரித்தார். "அக்கா, நானே இதுல ஒரு சரக்கை விட்டிருக்கேன். சரக்கு வரலையான்னு அவன் கேட்டான், யெஸ்னு சொன்னேன். வந்துடுச்சுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டான்." நாம் கேள்வியைப் பார்த்து ஆமாம் சொல்கிறோமாம். அவர்கள் நடந்ததைப் பார்த்துச் சொல்கிறார்களாம். எடுக்கவில்லை என்றால் அவர்கள் ஊரில் "நோ" என்றுதான் சொல்ல வேண்டுமாம், கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டாலும்.

கருவாட்டுத் தரகருக்குத் தெரிந்தது ஆங்கிலப் பள்ளித் தலைவிக்குத் தெரியாதா?

கெட்டி அட்டைப் புத்தகம் வேண்டாம். அழுகின பெட்டியைக் கொடுத்துவிட்டு, பெரிய பெட்டியாக மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் ஆட்களைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவள் "ஆமா" என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். ஆங்கிலத்தில் மட்டும் இல்லை, நம் மொழியிலேயே. சாப்பிட்டியா என்றால் "சாப்பிட்டேன்" என்கிறாள். தூக்கம் வருதா என்றால் போய்ப் படுத்துக்கொள்கிறாள். அரசுப் பள்ளியில் காலையில் பெயர் கூப்பிட்டாலும் பதிலுக்கு அதே சொல்தான், மற்ற பிள்ளைகள் "ஆமாங்க" என்கிறார்கள். இவள் எழுந்து நிற்கிறாளாம், வாய் திறப்பதில்லையாம். நான்கு நாள் வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு. வண்டியில் வரும் உங்கள் பிள்ளைகள்தான் அங்கேயும் படிக்கிறார்கள், அவளைத் திருடி என்று கூப்பிடுகிறார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். எந்த அறையில் என் மகள் திருடி ஆனாளோ, அந்த அறையில், அதே பிள்ளைகள் முன்னால், அவள் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள்.

ஓக் மிரான்

*

19 நவம்பர் 2016

நாரேயின் தாயார் அவர்களுக்கு,

நல்ல செய்தி. பென்சில் பெட்டி கிடைத்துவிட்டது. பள்ளி வண்டியில் பின் இருக்கைக்கும் சக்கர மேட்டுக்கும் நடுவில் விழுந்திருந்தது. ஓட்டுநர் துடைக்கும்போது எடுத்தார். ஒலிவியாவிடம் கொடுத்தாயிற்று. ஆகவே விஷயம் முடிந்தது. முயல் வேடத்தை நாரேவுக்கே திருப்பித் தருகிறோம்.

நீங்கள் கேட்டதைச் செய்ய இயலாது. பிள்ளைகள் மறந்துகொண்டிருக்கும் ஒன்றை மறுபடி தோண்டினால் அவளுக்குத்தான் கஷ்டம். ஒரு மாதத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

என்னை அழுகின பெட்டியோடு உட்கார்ந்து ஏமாற்றுகிற ஆளாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். நானும் கீழிருந்து வந்தவள்தான். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் படகேறித் தீவுகளுக்குப் போய், பட அட்டைகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தேன். படகு நின்றுபோனால் பிள்ளைகள் வீட்டிலேயே படுத்துக்கொள்வேன். நீங்கள் இரண்டு வருடமாக மகளை அனுப்புகிறீர்கள். ஒரு திறந்த வகுப்புக்காவது வந்ததுண்டா? அன்றைக்கெல்லாம் கருவாட்டுப் பெட்டி வந்தது, நீங்கள் வரவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியுமா? இரண்டரை மணிக்கு வண்டி வரும். பதினான்கு பிள்ளைகள், இருபத்தெட்டு செருப்பு, அதில் இரண்டு எப்போதும் ஜோடி மாறியிருக்கும். ஒருத்தன் ரப்பரைக் கிள்ளி மூக்கில் போட்டுக்கொள்வான். "எஃப்" சொல்ல மேல் பல்லால் கீழ் உதட்டைக் கடி என்றால் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடிப்பான். ஹெதர் டீச்சர் இதையெல்லாம் ஒரு நாளைக்கு ஆறு வகுப்பு பார்க்கிறார். அவருக்கு முன்னால் இருந்தவர் போன வருடம் அறுவடைத் திருநாள் விடுமுறைக்குப் போனார், திரும்பி வரவே இல்லை. நான்கு மாதம் நானே தொண்டை கட்டப் பாடினேன். இந்த ஊருக்கு வர ஒத்துக்கொள்ளும் ஆளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் முன்னால் அவரைப் பொய்யாக்கினால் நாளைக்கே பெட்டி கட்டுவார்.

ஒலிவியா வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வரும் பதினொரு பிள்ளைகள் அவள் அம்மாவின் சொல்லில்தான் சேர்ந்தார்கள். உங்களுக்கு வியாபாரம் தெரியும். புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சூ ஹேரியான்

*

26 நவம்பர் 2016

தலைவி அவர்களுக்கு,

வியாபாரம் தெரியும் என்பதால்தான் புரியவில்லை. கெட்ட சரக்கு போனது தெரிந்தால் வண்டியைத் திருப்பச் சொல்வேன். வாங்கினவன் மறந்துவிடுவான் என்று உட்கார்ந்திருந்தால் இந்தச் சந்தையில் பதினாறு மாதம்கூட இருந்திருக்க மாட்டேன்.

பெட்டி கிடைத்துவிட்டது, விஷயம் முடிந்தது என்கிறீர்கள். ஓட்டுநர் அன்றைக்குச் சோம்பல்பட்டு அந்த இடுக்கைத் துடைக்காமல் விட்டிருந்தால் என் மகள் காலத்துக்கும் திருடியா? பெட்டி கிடைத்ததால் அவள் நல்லவள் ஆகவில்லை. அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். சொன்னதை நீங்கள் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது பெட்டி இல்லை.

திறந்த வகுப்புக்கு வராதது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது, அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து தெரிந்த மாதிரி தலையாட்ட வெட்கமாக இருந்தது. வெட்கம் என்னுடையது, தண்டனை அவளுக்கு வந்தது.

இப்போது ஒரு வரி கற்றுக்கொண்டேன். நாரேதான் சொல்லிக்கொடுத்தாள், நாக்கு எங்கே தொட வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமை கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, குடியிருப்பு வாசலில் உங்கள் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன். ஏழு அம்மாக்கள் நின்றார்கள்.

"என் கடையில ஒரு பெட்டி நெத்திலியைக் காணோம்னு வச்சுக்குங்க. நான் இங்கிலீஷ்ல ஒரு கேள்வி கேக்கறேன், இங்கிலீஷ்லயே சொல்லுங்க" என்றேன்.

"என்ன நாரே அம்மா, கருவாட்டுக்கு இங்கிலீஷா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். டிடின்ட் யூ டேக் இட்? முதல் ஆள், யெஸ். இரண்டாவது ஆள், யெஸ். மூன்றாவது ஆள் கையையும் விரித்துக் காட்டி யெஸ். ஒலிவியா அம்மா சியோலில் ஆங்கிலம் படித்தவராம். அவர் யோசிக்கவே இல்லை. "யெஸ், யெஸ். உங்க நெத்திலி எனக்கெதுக்கு?" என்றார். ஆக ஆறு பேர் என் பெட்டியைத் திருடியதை ஒப்புக்கொண்டார்கள். வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. ஏழாவது அம்மா மட்டும் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு, இந்த ஒரு சொல்லுக்குத்தான் என் மகள் திருடி ஆனாள் என்று சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒலிவியா அம்மா மட்டும், "இதையெல்லாம் ரோட்டுல வச்சுப் பேசணுமா?" என்றார். உள்ளே விட்டால் உள்ளே பேசியிருப்பேன்.

பெற்றவர்களுக்கே வாயில் வரும் பதில் எட்டு வயதுப் பிள்ளைக்கு வந்தது. அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கத்தானே உங்களிடம் அனுப்பினேன்? தெரியாததைச் சொல்லித்தர வேண்டிய இடத்தில், தெரியாததற்காகத் தண்டித்திருக்கிறீர்கள்.

முயல் வேடம் வேண்டாம். அவளை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். நீங்கள் ஏறி நில்லுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் வகுப்பில் கேமரா இருக்கிறது, சேர்க்கும்போது பெருமையாகக் காட்டினீர்கள். அதில் சத்தமும் கேட்கும். அதை எப்போது போட்டுப் பார்த்தீர்கள்?

ஓக் மிரான்

*

11 டிசம்பர் 2016

நாரே அம்மாவுக்கு,

நேற்று திறந்த வகுப்பில் பின்வரிசையில், கோட்டுகள் தொங்கும் இடத்தில் நீங்கள் நின்றதைப் பார்த்தேன். பேசி முடித்துவிட்டுத் தேடினேன், போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: அன்றைக்கே பார்த்தேன். சீட்டு உங்கள் வீட்டுக்குப் போன அதே மாலை. ஹெதர் கேட்டது காதில் விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாரே "யெஸ்" என்று சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். ஹெதர் அதற்குள் பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள். நான்கு விநாடிகூட இருக்காது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது, எழுதியது நான்தான். மறுநாள் காலையில் உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும். எண்ணை எடுத்தேன். ஹெதரை நினைத்தேன், பதினொரு பிள்ளைகளை நினைத்தேன், வைத்துவிட்டேன். பிறகு நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் மினாவை விட்டுப் பொய் சொல்ல வைத்தேன். உங்களுக்கு எழுதிய இரண்டு கடிதத்தையும் தெரிந்துகொண்டேதான் எழுதினேன்.

நேற்று நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். இருந்தாலும் தபாலில் இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். "நாரே பெட்டியை எடுக்கல. எடுக்கலைன்னு தான் அவ சொன்னா. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல." பிள்ளைகள் வேடத்தோடு நின்றார்கள். ஒரு அப்பா, நாடகம் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார். ஒலிவியா அம்மா எழுந்து மகளுக்குக் கோட்டு மாட்டினார். கரடி வேடத்தின் மேலேயே மாட்டியதால் ஜிப் ஏறவில்லை, அப்படியே இழுத்துக்கொண்டு போனார். இன்று ஞாயிற்றுக்கிழமை. இதற்குள் ஒன்பது பிள்ளைகளின் பெயரை எடுக்கச் சொல்லி மெசேஜ் வந்துவிட்டது.

ஹெதர் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். சின்ன நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இத்தனை நாளா என்கிட்ட யெஸ் சொன்ன பிள்ளைங்க எல்லாம் என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். பிறகு என் மேல் கோபம் வந்தது. உங்கள் கோபத்துக்குக் குறைவில்லாத கோபம். அவளிடமும் மறைத்தேன் அல்லவா? பெட்டி கட்டுவாள் என்று பயந்தேன். கட்டவில்லை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நம் எழுத்தில் நாரேவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள், யார் உதவியும் இல்லாமல். இதோடு வைத்திருக்கிறேன்.

அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டேன். நாரே வராததால் காலியான நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. ஸ்டெல்லா என்ற பெயரையும் எடுத்துவிட்டோம், நாரே என்றே எழுதியிருக்கிறோம். கேட்க எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். இனிமேல் அவளை அனுப்ப மாட்டீர்களா?

சூ ஹேரியான்

*

14 டிசம்பர் 2016

தலைவி அவர்களுக்கு,

நீங்கள் பேசியதைப் போனில் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து நாரேவுக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று முறை கேட்டாள். நான்காவது முறை அவளே போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் பள்ளி ஆசிரியை கடைக்குப் போன் செய்தார். பெயர் கூப்பிட்டதும் ஜன்னல் அதிரப் பதில் சொன்னாளாம். கொஞ்சம் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். சொல்ல மாட்டேன் என்றேன்.

ஒன்பது பிள்ளைகள் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. சந்தோஷமும் படவில்லை. முதல் நாளே போன் செய்திருந்தால் ஒருத்தர்கூடப் போயிருக்க மாட்டார்கள் என்று மட்டும் தோன்றுகிறது. நீங்கள் பொய் சொன்னதைவிட, தெரிந்துகொண்டே எனக்குக் கிம்ச்சி விசாரித்து எழுதினீர்களே, அதுதான் இன்னும் எரிகிறது. அது ஆற நாளாகும். ஆறாமலும் போகலாம்.

ஹெதர் டீச்சரின் கடிதத்தை நாரே படித்தாள். மூன்று எழுத்துப் பிழை இருந்ததாம். சிவப்புப் பேனாவால் திருத்தி, கீழே "நல்ல முயற்சி" என்று எழுதி ஒரு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறாள். திருப்பிக் கொடுக்கச் சொன்னாள், உள்ளே வைத்திருக்கிறேன். அந்தப் பெண் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இனிமேல் அவளை அனுப்ப மாட்டீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாங்க.

இதை ஹெதர் டீச்சரிடம் காட்டாதீர்கள். பாவம், நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

ஓக் மிரான்